விமான நிலையம் கட்டப் போன இரண்டு கம்பெனிகளும், குறுக்கே எழுதிய நானும்

எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே போகும். எங்களை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இறங்க அவசியமில்லை என்று முடிவு செய்து கேரளப் பக்கம் போய்விடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன நான், டெல்லியில் ஓர் அமைச்சகத்தில், வெளிநாடுகளில் விமான நிலையம் கட்டப் போட்டியிடும் நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு அரசு ஒத்தாசை வாங்கித் தரும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தேன்; இப்போது ஓய்வில் இருக்கிறேன். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சானுக்கு இந்த வேலை இன்றுவரை பிடிபடவில்லை.

"பிளேன் ஓட்டுற வேலையா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"அப்ப பிளேன் எறங்குற எடத்தக் கட்டுற வேலை."

"அதுவும் இல்ல. கட்டப் போறவுகளுக்குக் கடுதாசி குடுக்குற வேலை."

மச்சான் விடவில்லை. "அதுல ஒண்ண நம்ம ஊருக்குக் குடுத்திருக்கலாம்ல. கடுதாசிதான, என்ன கொறஞ்சு போச்சு?"

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் பழைய நாற்காலியில் இன்று இருக்கும் அதிகாரி சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். வெளிநாட்டு விமான நிலைய டெண்டர் எதுவானாலும் நம் நாட்டிலிருந்து ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் அரசு ஆதரவு என்று எழுத்திலேயே விதி கொண்டுவரலாமா என்று யோசிக்கிறார்களாம். கூட்டத்தில் ஒருவர், "இரண்டு பேரை அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தமிழ்நாட்டுக்காரர் செய்த வேலையே போதும்" என்றாராம். அந்தத் தமிழ்நாட்டுக்காரர் நான்தான். உண்மையில் என்ன நடந்தது சார் என்று கேட்டார். என் கதையை அடுத்தவர்கள் தப்பாகச் சொல்வதை நான் அனுமதிப்பதில்லை. தப்பாகச் சொல்ல வேண்டுமானால் அதற்கு நானே இருக்கிறேன்.

தேர்வு எழுதியது, டெல்லிக்குப் போனது, இந்தி தெரியாமல் காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டியே குடும்பம் நடத்தியது, மெல்ல மெல்லச் சார்புச் செயலாளர் ஆனது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு விமானம் என்றால் பயம். முதன்முதலாக வெளிநாட்டுக்குப் போனபோது ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் நான் ஏதோ தியானத்தில் இருக்கிறேன் என்று நினைத்துத் தன் ஆப்பிளை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார். விமான நிலையங்களைப் பற்றி நாட்டுக்கு ஆலோசனை சொல்ல அமர்த்தப்பட்ட ஆள் இவன்.

அரசு ஒத்தாசை என்றால் என்ன என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாடு தனக்கு விமான நிலையம் வேண்டும் என்று டெண்டர் விடும். நம் கம்பெனி ஒன்று கலந்துகொள்ள நினைக்கும். தனியாகப் போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அங்கேயுள்ள நம் தூதர் அதை அழைத்துப் போய் மந்திரியிடம் அறிமுகம் செய்ய வேண்டும். முடிந்தால் நம் அரசே அந்த நாட்டுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர முன்வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் முதல் படியாக, "இந்தக் கம்பெனியை எங்களுக்குத் தெரியும், இதன் பின்னால் நாங்கள் இருக்கிறோம்" என்று ஆதரவுக் கடிதம் ஒன்று வேண்டும். சில நாடுகள் அந்தக் கடிதம் இல்லாத டெண்டரைப் பிரித்தே பார்க்காது. கடிதம் தருவதா வேண்டாமா என்று முதல் குறிப்பு எழுதுவது என் வேலை. என் குறிப்பு மேலே போகும், இணைச் செயலாளரிடம். அங்கிருந்து செயலாளரிடம்.

எங்கள் இணைச் செயலாளர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மேசையில் ஒரு சின்ன வெள்ளி டப்பாவில் சோம்பு வைத்திருப்பார். கூப்பிட்டவுடன் விஷயத்துக்கு வந்தால் நல்ல செய்தி. டப்பாவைத் திறந்து உங்கள் பக்கம் நகர்த்தினால் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்று அர்த்தம். பச்சை மையில்தான் எழுதுவார். அதுவும் அதிகம் எழுத மாட்டார். நாம் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி அனுப்பினால், அவருக்குப் பிடிக்காத குறிப்பின் ஓரத்தில் ஒரே ஒரு சொல் பச்சையாக வரும்: "பேசவும்." நாம் போக வேண்டும். அவர் பேசுவார். நாம் திரும்பி வந்து, அவர் பேசியதையெல்லாம் நமக்கே தோன்றியதுபோல் புதுக் குறிப்பாக எழுதி அனுப்ப வேண்டும். அதில் கையெழுத்து உடனே விழும்.

இதைவிட நயமான பழக்கம் ஒன்று உண்டு. எழுத்தில் வைக்க முடியாத சேதி ஒன்றை ஒரு கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமென்றால், அந்த முதலாளியின் தாய்மொழி பேசும் அதிகாரியைக் கொண்டு சொல்ல வைப்பார்கள். குஜராத்திக்காரருக்கு குஜராத்தி அதிகாரி, வங்காளிக்கு வங்காளி. ஆங்கிலத்தில் சொன்னால் அது அரசு உத்தரவு. நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். தாய்மொழியில் சொன்னால் வெறும் அக்கறை. அக்கறைக்கு நகல் கிடையாது. தமிழ்க் கம்பெனிகள் விமான நிலையப் பக்கம் அதிகம் வராததால் என் முறை ரொம்பக் காலம் வரவே இல்லை. வந்தபோது கிரேஸ் உருவில் வந்தது.

கிரேஸுக்குச் சொந்த ஊர் போடி. கடைவீதியில் அவருடைய அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பைப்பும் ஆணியும் விற்ற குடும்பம். கிரேஸ் பொறியியல் படித்துக் கோயம்புத்தூரில் கம்பெனி தொடங்கினார். ஓடுபாதை, அதன் விளக்குகள், சிறிய பயணிகள் கட்டடம், இதுதான் தொழில். நாலைந்து நாடுகளில் வேலை செய்திருந்தார். ஆனால் எல்லாமே பெரிய கம்பெனிகளுக்குக் கீழே, துணை ஒப்பந்தம். வேலை இவருடையது, வாசல் பலகையில் பெயர் இன்னொருவருடையது. சொந்தப் பெயரில் டெண்டர் போடலாமென்றால், "இதற்கு முன் சொந்தப் பெயரில் வெளிநாட்டில் விமான நிலையம் கட்டியிருக்க வேண்டும்" என்று எல்லா டெண்டரிலும் போட்டிருக்கும். கட்டினால்தான் டெண்டர், டெண்டர் கிடைத்தால்தான் கட்ட முடியும்.

அப்போதுதான் ஒரு தீவு நாடு டெண்டர் விட்டது. சின்ன விமான நிலையம் என்பதால் அந்த நிபந்தனையைத் தளர்த்தியிருந்தார்கள். கிரேஸுக்குத் திறந்த முதல் கதவு அது. ஆதரவுக் கடிதம் கேட்டு விண்ணப்பித்தார். டெல்லியில் பெரிய பெரிய வேலைகள் செய்யும் ஒரு கம்பெனியும் அதே டெண்டருக்குக் கடிதம் கேட்டது. இரண்டுமே தகுதியானவை. விதியைப் புரட்டினேன். ஒருவருக்குத்தான் தரலாம் என்று எங்கும் இல்லை. இருவருக்கும் தரலாம் என்று எழுதி அனுப்பினேன்.

ஓரத்தில் பச்சை வந்தது: "பேசவும்."

போனேன். டப்பா ஏற்கெனவே திறந்திருந்தது.

"நம்முடைய இரண்டு கம்பெனிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் வெளிநாட்டுக்காரன் சிரிப்பான்" என்றார். "பெரிய கம்பெனி போகட்டும். அந்த அம்மாள் உங்கள் ஊர்ப் பக்கம்தானே? நீங்கள் தமிழில் பேசுங்கள். இந்த முறை விலகிக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு அவர்களிடமே துணை ஒப்பந்தம் கிடைக்கும்."

"சார், எங்கள் ஊரில் திராட்சை வியாபாரிகள் இதே மாதிரி செய்வார்கள்" என்றேன். "இந்தத் தோட்டம் உனக்கு, அந்தத் தோட்டம் எனக்கு என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரே வியாபாரிதான் வருவார். கொடியில் பழம் தொங்கும்போது தோட்டக்காரர் என்ன செய்வார்? அவர் சொன்ன விலைக்குக் கொடுப்பார். ஆனால் அடுத்த வருஷம் குமுளி தாண்டிக் கேரளாவிலிருந்து ஆள் தேடுவார். எங்கள் அப்பா அப்படித்தான் தேடினார்."

"திராட்சையையும் விமான நிலையத்தையும் ஒப்பிடுகிறீர்களா?"

"இரண்டில் எனக்கு அனுபவம் உள்ளது திராட்சைதான் சார்."

சோம்பு டப்பாவை மூடினார். "பேசிவிட்டுச் சொல்லுங்கள்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விமானத்தில் ஏறாமலே அப்படி மூடியது அன்றுதான். அலுவலக நடைமுறைக் கையேட்டை எடுத்தேன். யாருமே படிக்காத புத்தகம்; நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வருவதற்காகப் படிப்பது வழக்கம். அதில் ஒரு விதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேலதிகாரி வாய்மொழியாக உத்தரவிட்டால், கீழதிகாரி அதைக் கோப்பில் எழுதி, அவரிடமே உறுதி பெற வேண்டும். இத்தனை வருஷம் அதைப் படித்துத் தூங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் விழித்துக்கொண்டேன்.

கிரேஸைத் தொலைபேசியில் அழைத்தேன். அதற்கு முன் ஒரு கூட்டத்தில் பார்த்துப் பேசி, போடியா கம்பமா என்று ஊர் விசாரித்துக்கொண்டதோடு சரி.

"ஆத்தா, நான் கம்பத்துக்காரன் பேசுறேன். ஒரு சேதி சொல்லச் சொல்லியிருக்காக."

"சொல்லுங்கண்ணே. கடிதம் ரெடியாயிருச்சா?"

"இல்ல. ஒன்ன அந்தத் தீவு டெண்டர்லருந்து வெலகிக்கிறச் சொல்றாக. பெரிய கம்பெனி மட்டும் போகுமாம். ஒனக்கு அவுககிட்ட சப்-காண்ட்ராக்ட் கெடைக்குமாம்."

 "யாருண்ணே சொல்றாக?"

"எங்க இணைச் செயலாளர்."

"எழுதித் தருவாகளா?"

"அதுக்குத்தான என்னைத் தமிழ்ல பேசச் சொன்னாக."

"நீங்க என்ன சொல்றீக?"

"நான் ஒண்ணும் சொல்லல. சேதிய மட்டும் சொன்னேன். இப்ப நீ என்ன சொல்றேன்னு கேட்டு, ரெண்டையும் ஃபைல்ல எழுதப் போறேன்."

"எழுதிருவீகளா?" அவர் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும். அது என் பாடு. நீ பதிலச் சொல்லு."

"நான் வெலகலண்ணே. இதுக்கும் அவுகளுக்குக் கீழேயே வேலை பாக்கணும்னா, நான் கடைவீதியில ஆணியே வித்துட்டுப் போவேன். தோத்தா என் பேர்ல தோக்குறேன். அதையும் எழுதுங்க."

ஆணியை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். இணைச் செயலாளர் பேசியபோது இவ்வாறு பணித்தார், அதன்படி அந்த நிறுவனத் தலைவரிடம் தமிழில் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது, அவர் விலக மறுத்தார், ஆதரவை ஒருவரோடு நிறுத்த விதியில் இடமில்லை, எனவே இருவருக்கும் கடிதம் தரலாம், இணைச் செயலாளர் தம் வாய்மொழி உத்தரவை உறுதிசெய்ய வேண்டுகிறேன். பக்க எண் போட்டுக் கையெழுத்திட்டேன். எண் போட்ட பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுக்க முடியாது. கோப்பைத் தூக்கிக்கொண்டு பியூன் வெளியே போனபோது அவரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிடவில்லை, எழுந்து ஓட என் தொந்தி இடம் தரவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வாய வச்சுக்கிட்டு இருக்க மாட்டீகன்னு தெரியும். கைய வச்சுக்கிட்டும் இருக்க மாட்டீகளா?"

மறுநாள் அழைப்பு வந்தது. டப்பா திறந்து, என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் குறிப்பு அவர் முன்னால் விரிந்திருந்தது.

"நீங்கள் தமாஷ்காரர் என்று சொல்லியிருக்கிறார்கள். இது தமாஷா?"

"இல்லை சார். இது கையேடு."

"நான் உங்களிடம் ஒரு யோசனை சொன்னேன். உத்தரவு போடவில்லை."

"அப்படியானால் அதையே எழுதிவிடுங்கள் சார். 'யோசனைதான், உத்தரவு இல்லை' என்று. அப்போது அந்த அம்மாளை விலகும்படி அரசு சொல்லவில்லை என்று ஆகிவிடும். இருவருக்கும் கடிதம் போய்விடும்."

பேனாவைத் திறந்தார். உத்தரவிட்டதாக எழுதினால், எந்த விதியின்படி என்று செயலாளர் கேட்பார். உத்தரவிடவில்லை என்று எழுதினால் கடிதத்தைத் தடுக்க வழியில்லை. அவர் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் என் கையெழுத்துக்குக் கீழே ஒரே சொல் எழுதினார்: "பார்த்தேன்." கோப்பு செயலாளரிடம் போனது. செயலாளருக்கு ஆயிரம் வேலை. விதியில் தடையில்லை என்ற வரியைப் படித்து ஒப்புதல் அளித்தார். இரண்டு கடிதங்களும் தீவுக்குப் போயின.

இனிமேல் சொல்லப் போவதுதான் அந்தக் கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொன்னவர்களுக்குப் பிடித்த பகுதி. டெண்டர் திறந்தார்கள். நாங்கள் தோற்றோம். வேறொரு நாட்டுக் கம்பெனி ஜெயித்தது. பெரிய கம்பெனி இரண்டாவது, கிரேஸ் மூன்றாவது. நம் ஆட்களே நம் ஆட்களை வெட்டியதால் போச்சு என்று தாழ்வாரமெங்கும் பேசினார்கள். ஜெயித்தவர்களுக்கு அவர்களுடைய அரசு கடனைக் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தது என்பதை யாரும் பேசவில்லை. நம்முடைய கடன் திட்டமும் இருந்தது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று இரண்டு அமைச்சகங்கள் ஒன்றுக்கொன்று மரியாதை காட்டிக்கொண்டிருந்ததில் அது டெண்டர் முடிந்த பிறகுதான் கிளம்பியது. ஒருவரை அனுப்பியிருந்தாலும் தோற்றிருப்போம். துணைக்கு ஆளில்லாமல் தோற்றிருப்போம், அவ்வளவுதான். இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். புதுவிதி எழுத உட்கார்ந்திருப்பவர்கள், கம்பெனிகளில் ஒன்றைக் கழிப்பதற்கு முன் அமைச்சகங்களில் ஒன்றைக் கழிக்க முடியுமா என்று பார்க்கட்டும்.

எனக்கு மாற்றல் வந்தது. அலுவலகத்தில் இந்தியை வளர்க்கும் பிரிவுக்கு. என் இந்தியைக் கேட்டுக் காய்கறிக்காரரே விலையைக் குறைத்திருக்கிறார், பரிதாபத்தில். உத்தரவைப் படித்த என் மனைவி கேட்டாள்: "அவுகளுக்கு ஒங்க மேல கோவமா, இந்தி மேல கோவமா?"

ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். இந்தி வளர்ந்ததா என்று தெரியவில்லை; என்னால் குறையவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். ஊர்க்காரிக்காகச் செய்தான் என்று அங்கேயும் பேசினார்கள். பெரிய கம்பெனிக்கும் நான்தான் கடிதம் தரச் சொன்னேன் என்பதை எத்தனை பேரிடம் சொன்னாலும், அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சரி, சிரியுங்கள் என்று விட்டுவிட்டேன்.

போன தை மாதம் போடியில் ஒரு கல்யாணம். சர்ச்சுக்கு வெளியே பந்தலில் கிரேஸைப் பார்த்தேன். தலையில் பாதி நரை, கையில் பிரியாணித் தட்டு. என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இங்கன ஒக்காருங்கண்ணே. ஒங்களத் தேடிக்கிட்டே இருந்தேன். மலையில ஒரு சின்ன ஏர்போர்ட்டு, வேற நாடு, டெண்டர் போட்டிருக்கேன். அந்தத் தீவுல தகுதிச் சுத்துல பாஸானது இதுக்குச் செல்லுமாம். அப்ப வெலகியிருந்தா இதுக்கும் வாசல்லயே நின்னிருப்பேன்."

"கடிதம் குடுத்தாகளா?"

"அதச் சொல்லத்தான் தேடுனேன். இந்தத் தடவையும் நம்ம நாட்டுக் கம்பெனி இன்னொண்ணு இருக்கு. ஒங்க அமைச்சகத்துலருந்து போன் வந்துச்சு. மலையாளத்துல."

"மலையாளத்துலயா?"

"தமிழாளு ஒருத்தரும் அந்தப் பிரிவுல இல்லயாம். எங்க அம்மா குமுளிக்காரின்னு எவனோ சொல்லியிருக்கான். ரொம்ப அன்பாப் பேசுனாரு. சேச்சி, இந்தத் தடவ வெலகிக்கிட்டா என்னன்னாரு. நானும் மலையாளத்துலயே சொன்னேன். வெலகல, நீங்க கேட்டதையும் நான் சொன்னதையும் ஃபைல்ல எழுதிருங்கன்னு. அப்படி எழுதுற வழக்கம் ஒண்ணு ஒங்க ஆபீஸ்ல இருக்குன்னேன். போன வச்சுட்டாரு. பத்து நாள்ல கடிதம் வந்துருச்சு."

"டெண்டர் தெறந்தாச்சா?"

"இன்னும் இல்ல. தோத்தாலும் தோப்பேன்." ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. அன்னைக்கு நான் பயந்துபோயி, சரி வெலகிக்கிறேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீக?"

"அதையும் எழுதியிருப்பேன் ஆத்தா."

அவர் கை தட்டிலேயே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, கேலியா, எனக்குப் புரியவில்லை.

"அப்ப எனக்காகப் பண்ணலையா நீங்க?"

"இல்ல."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, இத்தன வருஷமா ஒங்களுக்கு கிறிஸ்துமஸ் கேக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தட்டுப் பிரியாணி கொண்டுவரும்படி பந்தியைப் பார்த்துக் கை காட்டினார்.